அமுதசுரபியும் இருபது முகப் பகடையும்

உறையிலிருந்து எடுத்தவுடன் எதிரியைச் சாம்பலாக்கும் வாள், அணிந்தவரை எவர் கண்ணுக்கும் தெரியாமல் மறைக்கும் மோதிரம், நினைத்த இடத்திற்குப் பறக்கும் கம்பளம் என்று மந்திரப் பொருள்களைக் கதைகளில் கேட்டே வளர்ந்தவர்கள் நாம். கேட்பவருக்கு அவற்றால் எந்தச் சிக்கலும் இல்லை. ஆனால் அதே வாளை ஒரு விளையாட்டுக்குள் கொண்டுவந்து, மேசையைச் சுற்றி அமர்ந்திருக்கும் ஐந்து நண்பர்களில் ஒருவருக்கு மட்டும் கொடுத்துப் பாருங்கள். இரண்டு மூன்று வாரங்களில் மற்ற நால்வரின் முகம் மாறத் தொடங்கும். ஏன் மாறுகிறது, மாறாமல் இருக்க அந்த வாளை எப்படிச் செய்ய வேண்டும் என்பதைத்தான் இங்கே எழுத முற்படுகிறேன்.

விளையாட்டின் பெயர் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இரு அமெரிக்கர்கள் உருவாக்கி 1974-ஆம் ஆண்டு வெளியிட்டது. நம் பேரவை உறுப்பினர்களில் ஆடியவர்களும் உண்டு, பெயரை மட்டும் கேள்விப்பட்டவர்களும் உண்டு. பின்னவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு கதாபாத்திரத்தை ஏற்றுக்கொள்வார்கள்: போர்வீரர், மந்திரவாதி, பூட்டுத் திறப்பதில் வல்ல கள்வர், இப்படி. "கதவை உடைக்கிறேன்" என்று ஒருவர் சொன்னால், முடிந்ததா இல்லையா என்பதை இருபது முகப் பகடை முடிவு செய்யும். பகடையில் விழுந்த எண்ணோடு அவருடைய திறமை எண்ணைக் கூட்டி, குறித்த இலக்கை எட்டினால் வெற்றி. சண்டையும் அப்படித்தான். எதிராளியின் கவச எண்ணை எட்டினால் அடி விழும், எட்டாவிட்டால் வாள் காற்றை வெட்டும்.

கதையை நடத்துபவரை நான் 'நடத்துநர்' என்றே எழுதுகிறேன். பேருந்தில் டிக்கெட் கிழிப்பவர் நினைவுக்கு வந்தால் நான் பொறுப்பில்லை. எங்கள் மேசையிலும் இந்தக் கிண்டலை எல்லாரும் சொல்லி முடித்தாயிற்று.

விதிநூலில் நூற்றுக்கணக்கான மந்திரப் பொருள்கள் உள்ளன. இருந்தாலும் நடத்துநர்கள் சொந்தமாகச் செய்து பார்க்கவே ஆசைப்படுவார்கள். அப்படிச் செய்வதற்கு 'ஹோம்புரூ' என்று பெயர். வீட்டிலேயே காய்ச்சுவது என்பது அதன் நேர்ப்பொருள். காய்ச்சுவது எளிது, குடித்தவர் நலமாக இருக்க வேண்டுமே, அதுதான் கடினம்.

கூட்டல் ஒன்றின் கனம்

புதிதாகப் பொருள் செய்பவர்கள் முதலில் கை வைப்பது கூட்டல் எண்ணில்தான். '+1 வாள்' என்றால் தாக்கும்போது பகடையில் ஒன்று கூடும், அடியிலும் ஒன்று கூடும். இருபதில் ஒன்று, அதாவது ஐந்து விழுக்காடு. இது என்ன பெரிய விஷயம் என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பின் விதிகளையே எடுத்துக்கொள்கிறேன். 2024-இல் திருத்திய நூல்கள் வந்துவிட்டன என்றாலும், இங்கே நான் போடும் பகடைக் கணக்கு மாறவில்லை.

தொடக்க நிலைப் போர்வீரருக்குத் தாக்கும் எண் +5. எதிராளியின் கவச எண் 15. பகடையில் 10 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும். வாய்ப்பு 55 விழுக்காடு. நீளவாளின் அடி சராசரியாக 7.5. ஆக ஒரு வீச்சுக்கு ஏறத்தாழ 4.1. இப்போது +1 வாளைக் கொடுங்கள். வாய்ப்பு 60 விழுக்காடு, அடி 8.5, ஒரு வீச்சுக்கு 5.1. ஐந்து விழுக்காடு என்று நினைத்தது உண்மையில் 24 விழுக்காட்டுக் கூடுதல்! (பகடையில் 20 விழுந்தால் கிடைக்கும் சிறப்பு அடியை இதில் சேர்க்கவில்லை.) +3 வாளாக இருந்தால் 7.35, அதாவது வெறும் வாளைவிட 78 விழுக்காடு அதிகம்.

இதை வேறு விதமாகவும் பார்க்கலாம். ஐந்தாம் பதிப்பில் ஒரு போர்வீரர் முதல் நிலையிலிருந்து இருபதாம் நிலைக்கு உயரும்போது, அவருடைய தாக்கும் எண் +5-இலிருந்து +11 வரைதான் வளரும். ஆண்டுக்கணக்கில் ஆடிச் சேர்க்கும் வளர்ச்சி மொத்தமே ஆறு. நடத்துநர் ஒரு வெள்ளிக்கிழமை இரவு தாராள மனத்தோடு தூக்கிக் கொடுக்கும் +3 வாள் அதில் பாதி. இந்த ஒப்பீட்டைப் பார்த்த பிறகு கை கொஞ்சம் நடுங்கத்தான் செய்யும்.

வாளாவது பரவாயில்லை. கவசத்தின் கதை இன்னும் கடுமையானது. முழு உலோகக் கவசமும் கேடயமும் தரித்த வீரருக்குக் கவச எண் 20. காப்ளின் என்ற குட்டி அரக்கனின் தாக்கும் எண் +4. அவன் 16 போட வேண்டும்; நான்கு வீச்சில் ஒன்று படும். இந்த வீரருக்கு +1 கவசம், +1 கேடயம், காப்பு மோதிரம் என்று மூன்று சிறு பொருள்களை வெவ்வேறு மாதங்களில் கொடுத்ததாக வைத்துக்கொள்வோம். எதுவுமே பெரிதில்லை, ஒவ்வொன்றும் ஒரே ஒரு எண். கவச எண் 23 ஆகிறது. காப்ளின் இப்போது 19 போட வேண்டும். வாய்ப்பு 25-இலிருந்து 10 விழுக்காடாகச் சரிகிறது. முன்பு அவர் வாங்கிய ஐந்து அடிகளில் மூன்று இப்போது படாது.

அதனால் என்ன, வீரர் மகிழ்ச்சியாக இருக்கிறார் அல்லவா என்று கேட்கலாம். சிக்கல் வீரரிடம் இல்லை. சண்டையில் சுவை குறைந்துவிட்டதென்று நினைக்கும் நடத்துநர் என்ன செய்வார்? பழையபடி நான்கில் ஒன்று படட்டும் என்று பகைவர்களின் தாக்கும் எண்ணை +7 ஆக்குவார். வீரருக்குப் பழைய நிலை திரும்பிவிடும். ஆனால் அதே பகைவர்கள் பக்கத்தில் நிற்கும் மந்திரவாதியையும் தாக்குவார்கள். அவருக்கு உலோகக் கவசம் இல்லை. கவச எண் 12. முன்பு 65 விழுக்காடு பட்ட அடி இப்போது 80 விழுக்காடு படும். அவருக்கு யாரும் எதுவும் தரவில்லை, அவரிடமிருந்து யாரும் எதையும் பறிக்கவும் இல்லை. இருந்தும் அவர் முன்பைவிட விரைவாகச் சாகிறார். வீரருக்குக் கிடைத்த பரிசின் விலையை மந்திரவாதி கட்டுகிறார். மேசையில் இருக்கும் யாருமே, பெரும்பாலும் நடத்துநரும்கூட, இதைக் கவனிப்பதில்லை.

அதனால் ஒரு பொருளை எடைபோடும்போது 'இது எவ்வளவு வலிமையானது' என்று நான் முதலில் கேட்பதில்லை. 'இதற்கு விலை கட்டப்போவது யார்' என்றுதான் கேட்கிறேன்.

விதிநூல் இதற்கு வழிகாட்டாதா என்றால், ஓரளவுக்குத்தான். பொருள்களை அரிதின் வரிசையில் அது பிரித்து வைத்திருக்கிறது. வாளுக்கு +1 என்றால் கீழ்ப் படி. கவசத்திற்கு +1 என்றால் அதற்கு ஒரு படி மேலே. மேலே போட்ட கணக்கோடு இது ஒத்துப்போகிறது. ஆனால் அதே கவச எண்ணை அதே அளவு கூட்டும் +1 கேடயத்தை வாளோடு கீழ்ப் படியில் வைத்திருக்கிறார்கள்! பறக்கும் விஷயத்தில் இன்னும் வேடிக்கை. நாளுக்கு நான்கு மணி நேரம் வரை பறக்கவைக்கும் சிறகுக் காலணி கீழ்ப் படியில் இருக்கிறது. ஒரு முறை குடித்தால் தீர்ந்துபோகும் பறக்கும் மருந்து அதைவிட இரண்டு படி மேலே இருக்கிறது. 2000-ஆம் ஆண்டில் வந்த மூன்றாம் பதிப்பில் கணக்கு தலைகீழ்: ஆயுதத்தின் கூட்டல் எண்ணை வர்க்கமாக்கி 2,000 பொற்காசால் பெருக்கு, கவசமாக இருந்தால் 1,000-ஆல் பெருக்கு என்றிருந்தது. அங்கே கவசம் பாதி விலை. அந்தப் பதிப்பில் தாக்கும் எண்கள் வரம்பின்றி வளர்ந்ததால் ஒரு கவச எண் விரைவில் கரைந்துபோகும் என்பது காரணமாக இருக்கலாம். எப்படியானாலும், படியின் பெயரைப் பார்த்து மட்டும் பொருளை நம்பக் கூடாது.

நாளுக்கு ஒருமுறை என்னும் ஏமாற்று

வலிமையான பொருளுக்குக் கடிவாளம் போட எல்லாரும் நாடும் வழி ஒன்று உண்டு: 'நாளுக்கு ஒரு முறைதான் பயன்படுத்தலாம்.' எழுதியவருக்கு நிம்மதி. ஆனால் கதைக்குள் ஒரு நாள் எவ்வளவு நீளம்? நடத்துநருக்கான 2014-ஆம் ஆண்டு நூல், ஒரு நாளில் ஆறு முதல் எட்டுச் சண்டைகள் வரை வரும் என்று எடுத்துக்கொண்டு கணக்கிடுகிறது. பல்கலைக்கழக விடுதியில் ஆடுகிறவர்களின் நடைமுறை நமக்குத் தெரியாததா? இரவு எட்டரைக்குத் தொடங்குவதாகப் பேச்சு. ஒன்பதே காலுக்கு எல்லாரும் வந்து சேர்வார்கள். மாமாக் கடையிலிருந்து ரொட்டி வரப் பத்தாகிவிடும். நள்ளிரவுக்குள் ஒரு சண்டை முடிந்தால் பெரிது. அடுத்த வாரம் கூடும்போது கதையில் மறுநாள் விடிந்திருக்கும். எட்டுச் சண்டைக்கு ஒரு முறை வர வேண்டிய அற்புதம் இப்படிச் சண்டைதோறும் வந்துவிடுகிறது. 'நாளுக்கு ஒரு முறை' என்பது எங்களைப் போன்ற மேசைகளில் 'எப்போதும்' என்பதன் மறுபெயர்.

விதிநூலின் மந்திரக் கோல்களில் இதற்கு ஒரு நல்ல மருந்து இருக்கிறது. மந்திர அம்புக் கோலில் ஏழு சார்ஜ் இருக்கும். ஒவ்வொரு விடியலிலும் ஆறு முகப் பகடை போட்டு, ஒன்று கூட்டி, அத்தனை சார்ஜ் திரும்பும். கடைசிச் சார்ஜையும் செலவழித்துவிட்டால் இருபது முகப் பகடையை உருட்ட வேண்டும். 1 விழுந்தால் கோல் சாம்பலாகிவிடும். ஐந்து விழுக்காட்டு ஆபத்துதான். ஆனாலும் கடைசிச் சார்ஜைத் தொடும் துணிச்சல் எளிதில் யாருக்கும் வருவதில்லை. "இப்போதா, பிறகா?" என்று மேசையே கூடி விவாதிக்கும். தடையைவிடத் தயக்கம் நல்ல கடிவாளம் என்பது என் கருத்து.

சாவியும் கள்ளியும்

எண்ணே இல்லாத பொருள்கள் எண் உள்ளவற்றைவிட ஆபத்தானவை. நான் ஆட்டக்காரராக மட்டும் அமர்ந்திருந்த ஒரு மேசையில், நடத்துநர் போர்வீரருக்கு ஒரு சாவியைக் கொடுத்தார். எந்தப் பூட்டையும் திறக்கும் சாவி. கூட்டல் இல்லை, அடி இல்லை, சண்டையில் எள்ளளவும் பயனில்லை. எனவே சமநிலை கெடாது என்பது அவர் கணக்கு.

அந்த மேசையில் முதலாம் ஆண்டு மாணவி ஒருவர் கள்ளியாக ஆடிக்கொண்டிருந்தார். அதிகம் பேசமாட்டார். ஆனால் பூட்டு என்று வந்துவிட்டால் நாற்காலியின் நுனிக்கு வந்துவிடுவார். கம்பியை எப்படி நுழைக்கிறார், காதை எங்கே வைக்கிறார் என்றெல்லாம் சொல்லித்தான் பகடையை எடுப்பார். சாவி வந்த பிறகு பூட்டுகள் ஒரே வாக்கியத்தில் திறந்துகொண்டன. மூன்றாம் வாரம் அவர் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்தாம் வாரம் இடுபணி இருக்கிறது என்றார். பிறகு வரவில்லை. முதலாம் ஆண்டில் படிப்புச் சுமை அதிகம்தான் என்று எல்லாரும் பேசிக்கொண்டோம். எனக்கு அந்தச் சாவியின் மேல்தான் சந்தேகம்.

விதிநூலில் பூட்டுத் திறக்கும் மந்திரம் இல்லாமலில்லை. ஆனால் அதை ஓதினால் 300 அடி தூரத்திற்குக் கேட்கும்படி 'டொக்' என்று ஓசை எழும். கதவு திறக்கும், காவலரும் ஓடி வருவார். ஓசை வேண்டாம் என்றால் கள்ளியைத்தான் கூப்பிட வேண்டும். பூட்டைத் திறக்கும் மணி ஒன்றும் இருக்கிறது. பத்து முறை அடித்ததும் விரிசல் கண்டு பயனற்றுப் போய்விடும். இவற்றை எழுதியவர்கள் மேசையில் இருக்கும் கள்ளியையும் நினைத்துப் பார்த்தே எழுதியிருக்கிறார்கள்.

அந்தச் சாவியை நான் செய்தால் இப்படிச் செய்வேன்: 'பூட்டுத் திறப்பதில் பயிற்சி உள்ளவர் கையால் முயன்று தோற்ற பூட்டை மட்டும் இது திறக்கும்.' ஒரே ஒரு வரிதான் கூடியிருக்கிறது. சாவி இப்போது கள்ளியின் வேலையைப் பறிப்பதில்லை. அவருடைய தோல்விக்குத் துணை நிற்கிறது. பகடையை முதலில் எடுப்பவர் அவர்தான்.

பறக்கும் பொருள்களும் இந்த வகைதான். மூன்றாம் நிலையில் ஒருவருக்குச் சிறகு வந்தால் மதில், ஆறு, பள்ளம், காவல் உள்ள வாயில் ஆகிய நான்கும் ஒரே நாளில் கதையிலிருந்து காணாமல் போகும். பத்தாம் நிலையில் வந்தால் பெரிய பாதிப்பு இருக்காது, ஏனென்றால் அதற்குள் மந்திரவாதியே பறக்கக் கற்றிருப்பார். பொருள் ஒன்றுதான், வரும் காலம் வேறு.

அமுதசுரபியைச் செய்தல்

சென்ற பருவத்தில் நான் நடத்திய கதை வறண்ட நிலத்தில் நடந்தது. மழை பொய்த்த நாடு. ஐவர் கால்நடையாகக் கடக்க வேண்டும். எத்தனை நாள் உணவு இருக்கிறது என்று எண்ணுவதே கதையின் முதுகெலும்பு. ஆட்டக்காரர்களில் ஒருவர் தமிழ் படிப்பவர். "அமுதசுரபி கிடைக்குமா?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கோ அதைச் செய்துதான் பார்ப்போமே என்று தோன்றியது.

நேராக எழுதினால் 'அள்ள அள்ளக் குறையாமல் சோறு தரும் பாத்திரம்' என்று ஒரே வரி. அந்த ஒரு வரி என் கதையைக் கொன்றுவிடும். உணவுக் கணக்கு போச்சு. பஞ்சம் போச்சு. முற்றுகையிடப்பட்ட நகரம் எத்தனை ஆண்டானாலும் விழாது. சோற்றை விற்றுப் பொற்காசாக்கலாமா என்று முதல் மணி நேரத்திலேயே ஒருவர் கேட்பார். கேட்காமல் இருந்தால் அவர்கள் என் நண்பர்களே இல்லை.

வழக்கமான தீர்வு எண்ணிக்கைக்கு வரம்பு போடுவது. விதிநூலில் முதல் படி மந்திரம் ஒன்று பத்துப் பழங்களைத் தரும். ஒரு பழம் ஒருவருக்கு ஒரு நாள் உணவு. மூன்றாம் படி மந்திரம் ஒன்று பதினைந்து பேருக்கு ஒரு நாளைக்குச் சோறும் நீரும் தரும். ஆகவே பாத்திரம் நாளுக்கு இருபது பேருக்குச் சோறு தரும் என்று எழுதிவிட்டால் கணக்குச் சரியாகிவிடும். ஆனால் இருபது பேரோடு நின்றுவிடுவது அமுதசுரபியா? அது கேட்டரிங் பாத்திரம். வற்றாமை அதன் உயிர். அதை விட்டுவிட்டு வேறெங்கே விலை வைக்கலாம் என்று தேடி, மணிமேகலையையே திரும்ப எடுத்துப் படித்தேன்.

எனக்கு வியப்பாக இருந்தது. சீத்தலைச் சாத்தனார் அந்தப் பாத்திரத்தை எங்கெங்கே கட்டி வைத்திருக்கிறார் என்பதை, ஒரு நடத்துநரின் கண்ணோடு படித்தபோதுதான் பார்த்தேன். முதலாவதாக, பாத்திரம் கையில் இருந்தால் போதாது. மணிமேகலைக்கு அது வேலை செய்ய முதல் பிச்சையை ஆதிரை இட வேண்டியிருக்கிறது. இரண்டாவதாக, ஆபுத்திரன் கதை. பசித்தவர்க்கெல்லாம் அவன் உணவிட, சினந்த இந்திரன் பாண்டிய நாட்டில் மழையைப் பெய்வித்துவிடுகிறான். நாடு செழிக்கிறது. உண்ண வருவோர் யாரும் இல்லை. பாத்திரத்தில் ஒரு குறையும் இல்லாமலே அது பயனற்றுப் போகிறது! பசி உள்ள இடத்தைத் தேடிச் சாவக நாட்டுக்குக் கப்பலேறியவனை, வழியில் மணிபல்லவத் தீவில் தவறி விட்டுவிட்டுக் கப்பல் போய்விடுகிறது. ஆளில்லாத அந்தத் தீவில், பலர் உயிரைக் காக்கும் பாத்திரத்தால் தன் ஒருவன் உயிரை மட்டும் வளர்க்க அவனுக்கு மனமில்லை. ஆண்டுக்கு ஒரு நாள் மேலே தோன்றுக என்று கோமுகிப் பொய்கையில் அதை விட்டுவிட்டு, உண்ணாமல் உயிர் விடுகிறான்.

இதைவிடச் சிறந்த விதிக் குறிப்பை நான் எங்கே தேடுவேன்? எங்கள் மேசைக்கு எழுதிய அட்டையில் நான் வைத்தவை இவை. ஒவ்வொரு நாளும் முதல் பிடி உணவைக் குழுவில் இல்லாத ஒருவர் தாமே விரும்பி இட வேண்டும். மிரட்டியோ மயக்கியோ காசு கொடுத்தோ வாங்கியது செல்லாது. பாத்திரத்தை ஏந்தியவர் அன்று அதிலிருந்து உண்ண முடியாது. உணவு பசித்தவர் கைக்கு நேரே போக வேண்டும். விற்றால், சேமித்தால் மறைந்துவிடும். எத்தனை பேருக்கு வேண்டுமானாலும் இடலாம், ஆனால் ஒருவருக்கு இட ஒரு நிமிடம் ஆகும்.

கடைசி விதி பார்ப்பதற்குச் சாதாரணமாகத் தெரியும். ஒரு மணி நேரத்தில் அறுபது பேர். எட்டு மணி நேரம் கை ஓயாமல் இட்டால் 480 பேர். ஊரில் இரண்டாயிரம் பேர் பசியோடு இருந்தால்? வரிசையில் யாரை முதலில் நிறுத்துவது, குழந்தைகளையா, மறுநாள் கிணறு வெட்டப் போகிறவர்களையா? எட்டு மணி நேரம் நின்றால் அன்றைய பயணம் என்னாவது? வரம்பு எண்ணிக்கையில் இல்லை, பகல் பொழுதில் இருக்கிறது. பாத்திரம் பசி என்ற கேள்வியை மூடிவிடாமல் இன்னும் நான்கு கேள்விகளைத் திறந்துவிட்டது.

காயசண்டிகையின் யானைத் தீயைத் தணித்த கதையும் இருக்கிறதே, சாபம் நீக்கும் ஆற்றலையும் சேர்த்தால் என்ன என்று கேட்டார்கள். சேர்க்கவில்லை. எங்கள் குழுவில் சாபம் நீக்கும் மந்திரம் கற்ற பூசாரி ஒருவர் இருக்கிறார். அது அவருடைய வேலை.

சேமிக்கக் கூடாது என்ற விதியில் ஓட்டை இருக்கிறதா என்று ஒரு முழு இரவு ஆராய்ந்தார்கள். வாயில் வைத்துக்கொண்டு விழுங்காமல் இருந்தால் சேமிப்பா என்றுகூட ஒரு வாதம் வந்தது. இந்த மாதிரித் தேடலை நான் தடுப்பதில்லை. பொருளைக் கையில் கொடுக்கும்போதே, "இது மூன்று வாரத்திற்குச் சோதனை. யாருக்காவது ஆட்டம் சுவையில்லாமல் போனால் கூடிப் பேசி விதியை மாற்றுவோம்" என்று சொல்லிவிடுவேன். முன்னரே சொல்லிவிட்டால் மாற்றுவது பேச்சு; பின்னர் மாற்றினால் அது பறிப்பு. கதைக்குள் ஒரு திருடனை அனுப்பிப் பொருளைத் தூக்கிக்கொண்டு போகவைக்கும் நடத்துநர்கள் உண்டு. எனக்கு அது பிடிக்காது. நடத்துநரே செய்த திருட்டு என்பது மேசையில் எல்லாருக்கும் தெரியும்.

நான் எதிர்பாராத ஒன்று நடந்தது. ஏந்தியவர் உண்ண முடியாது என்று எழுதியபோது, ஆளுக்கொரு நாள் முறை வைத்துக்கொள்வார்கள் என்று நினைத்திருந்தேன். கையிருப்பு உணவு தீர்ந்ததும் அவர்கள் விதிநூலைப் புரட்டினார்கள். உணவின்றித் தாங்கும் நாள்கள் மூன்றுடன் உடல் உறுதி எண்ணைக் கூட்டினால் வருவது. மந்திரவாதியின் உறுதி எண் சுழி, எனவே மூன்று நாள். போர்வீரரின் எண் +3, எனவே ஆறு நாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் உடல் தளர்ந்துகொண்டே போகும். ஒரு நாள் வயிறார உண்டுவிட்டால் கணக்கு மீண்டும் முதலிலிருந்து தொடங்கும். ஆகவே அதிக நாள் ஏந்த வேண்டியவர் போர்வீரர்தான் என்று முடிவானது. குழுவிலேயே கனமான கவசம் பூண்டவர் வாளை உறையில் போட்டுவிட்டு, வெயிலில் நின்று முன்பின் தெரியாதவர்களுக்குச் சோறு இட்டுக்கொண்டிருக்கிறார். முதல் பிடி கேட்டு வீடு வீடாகப் போவது கள்ளியின் பொறுப்பு. பூட்டைத் திறப்பதைவிட இது கடினம் என்கிறார்.

இப்போது அவர்கள் நிற்கும் ஊரில் கிணறு வற்றவில்லை, வயலில் தினை விளைந்திருக்கிறது, யாருக்கும் பசியில்லை. ஆபுத்திரன் கதையை அறிந்த அந்தத் தமிழ் மாணவர் மட்டும் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். போர்வீரருக்கு இன்று ஐந்தாம் நாள்.